ஒன்றுமில்லாத பாட்டு

பெட்டி மேல் ஐந்து வோல்ட் என்று போட்டிருந்தது.
"யாரு அளந்தது?" என்றாள் ஒராலியா பென்கோமோ.

க்ளோவிஸில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்,
பதினோரு வருஷமாக கார் ஸ்டீரியோ விற்கிறேன்.
திரை எத்தனை அங்குலம் என்பார்கள்,
போன் ஒட்டிக்கொள்ளுமா, தவணை உண்டா.
அளந்தது யார் என்று
ஒருவரும் கேட்டதில்லை.

பால் டேங்கர் ஓட்டுகிறவள். இரவு ஷிப்ட் முடிந்து
ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தாள்.
சீஸ் ஆலையின் புளித்த வாடை
அவளுக்கு முன்னால் கடைக்குள் நுழைந்தது.
வெளியே அவளுடைய சொந்த பிக்கப்,
ஒரு கதவு மட்டும் வேறு நீலம்.

நோய் இதுதான்:
ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ஒரு கொசு.
வேகம் ஏற ஏற
கொசுவுக்கும் சுருதி ஏறுகிறது.
எர்த் கம்பியை அவளே கழற்றி,
பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் முடுக்கியிருக்கிறாள்.
பாதிக் கொசு செத்தது.

பழைய பெட்டி பேசுவது இரண்டு வோல்ட்டில்.
அந்த முணுமுணுப்பை ஆம்ப்ளிஃபயர்
காதில் கை குவித்துக் கேட்டு
பின்சீட்டுக்கு அடியில் நின்று கத்தும்,
வழியில் ஒட்டிய தூசியையும் சேர்த்து.
பதினாறடி ஒயர். ஒட்டினாற்போல் பேட்டரிக் கம்பி.
எது பேச்சு, எது பக்கத்து வீட்டு இருமல்
என்று ஒயருக்குத் தெரியாது.

புறப்படும் இடத்திலேயே குரல் திடமாக இருந்தால்
போய்ச் சேரும் இடத்தில் கத்த வேண்டாம்.
இவ்வளவுதான் வித்தை.
இதைச் சொல்லாமல் இத்தனை வருஷமும்
"பேஸ் அள்ளும்" என்று சொல்லியே விற்றிருக்கிறேன்.

மூன்று பெட்டிகளை மேசையில் பரப்பினேன்.
மல்டிமீட்டர் அவளுடையது,
ஒயரில் ஏதோ நாய் கடித்த தடம்.
பின்னறையிலிருந்து ஆஸிலோஸ்கோப்பைத் தூசி தட்டி எடுத்துவந்தேன்.
ஆயிரம் ஹெர்ட்ஸ் ஊளை கடையெங்கும்.
ஐந்து என்று எழுதியது
மூன்று புள்ளி ஒன்றிலேயே மூச்சு வாங்கியது,
அதற்கு மேல் திருகினால்
அலையின் உச்சந்தலை வழித்துவிட்டாற்போல் தட்டை.
முதலாளி வெண்டெல் கல்லாவில் தொண்டையைச் செருமினார்.
நான்கு என்று எழுதியது மூன்று புள்ளி ஒன்பது கொடுத்தது,
அலை முழுசாக.
மூன்றாவதை அவள் தொடவே இல்லை.
பொத்தான்கள் பிடிக்கவில்லையாம்.

நான்கை மாட்டினேன். ஆம்ப்ளிஃபயரின் திருகை
மூன்று மணியிலிருந்து ஒன்பது மணிக்கு இறக்கினேன்.
"ஒரு பாட்டு போட்டுப் பாக்கணும்"
என்று சட்டைப்பையிலிருந்து பென்டிரைவ் எடுத்தாள்.
அக்கார்டியன் வரும் என்று நினைத்தேன்.
திரையில் விநாடி ஓடியது. சத்தம் வரவில்லை.
"ஃபைல் கெட்டுப்போச்சு போல."
"இல்ல. அதுல ஒண்ணும் இல்ல. ஒண்ணுமில்லாம
ரெண்டு நிமிஷம் நானே பண்ணினது."

அந்நேரம் பார்த்து சரக்கு ரயில் வந்தது.
ஒன்றுமில்லாததைக் கேட்க
அது போய்த் தொலையும்வரை காத்திருந்தோம்,
நானும் அவளும் சீட்டில், வெண்டெல் ஜன்னலில் சாய்ந்து.
நூற்றியெட்டு வேகன் என்றார் அவர்.
எண்ணியிருக்கிறார்.

மறுபடி முதலிலிருந்து போட்டாள்.
மிதித்தாள்.
எஞ்சின் உறுமியது, முள் ஏறியது.
ஸ்பீக்கரில்
ஒன்றுமில்லை.
அப்படி ஒரு ஒன்றுமில்லையை
நான் அதுவரை விற்றதில்லை.

அடுத்த வியாழன் திரும்பி வந்தாள்.
"டாஷ்போர்டு பெட்டி கடகடங்குது.
இடது ஜன்னல் ரப்பர் முனகுது.
மூச்சு விட்டா என் மூக்கு விசில் அடிக்குது, தெரியுமா?
கொசு இருந்தவரைக்கும் இதெல்லாம் கேட்டதே இல்ல."

கையகல ஃபெல்ட் துணி வெட்டிக் கொடுத்தேன்,
காசு வாங்கவில்லை.
மூக்குக்கு
எங்கள் கடையில் எதுவும் இல்லை.